ஸ்பெல்லோவின் சந்துகளுக்குத் தண்ணீர் ஊற்றுபவர்கள்

ஆகஸ்ட் மாதத்து ஸ்பெல்லோவில் எந்த வீட்டில் ஆள் இருக்கிறது, எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதைக் கதவைத் தட்டாமலே ஊகித்துவிடலாம். வாசற்படியில் இருக்கும் தொட்டியைப் பார்த்தால் போதும். சுட்ட மண் தொட்டிக்குள் வேரை ஒடுக்கிக்கொண்டு நிற்கும் செடிக்கு அந்த வெயிலில் அநேகமாகத் தினமும் தண்ணீர் வேண்டும். சிறிய தொட்டி என்றால் காலையும் மாலையும். இரண்டு நாள் மறந்தால் இலை தொங்கும். ஒரு வாரம் மறந்தால் செடி போய்விடும். ஒரு படிக்கட்டு முழுக்கப் பூத்திருக்கிறது என்றால், விடிந்ததும் யாரோ பூவாளியோடு அந்தப் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறார் என்று பொருள்.

இத்தாலியின் பழைய ஊர்களில் மக்கள் தங்கள் சந்துகளைத் தாங்களே தோட்டமாக்கிக்கொள்வதைப் பற்றிப் பேசும்போது பூக்களின் அழகோடு நின்றுவிடுகிறோம். எனக்கு அந்தப் பூவாளிதான் முக்கியமாகப் படுகிறது. அந்தத் தோட்டங்கள் எப்படி உருவாகின்றன, எந்தச் சட்டம் அவற்றைத் தடுக்கிறது, எது தாங்குகிறது, எதனால் அவை வாடும் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அதைத் தூக்கும் கையில் இருக்கிறது.

ஸ்பெல்லோ இருப்பது உம்பிரியாவில். இத்தாலியின் இருபது மாநிலங்களில் கடலையும் தொடாமல் வெளிநாட்டு எல்லையையும் தொடாமல் இருப்பது உம்பிரியா ஒன்றுதான். அசிசிக்கும் ஃபொலிஞோவுக்கும் இடையில், 1,290 மீட்டர் உயரமுள்ள சுபாசியோ மலையின் அடிவாரச் சரிவில் ஊர் ஏறிக்கொண்டே போகிறது. மக்கள்தொகை சுமார் எட்டாயிரத்துச் சொச்சம். அதில் ஒரு பகுதியினரே மதிலுக்குள் வாழ்கிறார்கள், மற்றவர்கள் கீழே சமவெளியில். வீடுகள், தரை, படி, வளைவு எல்லாமே சுபாசியோவில் வெட்டிய இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்த சுண்ணாம்புக் கல். மதிலுக்கு வெளியே ஒலிவ மரங்கள். அசிசியிலிருந்து ஸ்பொலேத்தோ வரை நீளும் அந்த ஒலிவச் சரிவுகளை உலக உணவு வேளாண்மை அமைப்பு 2018இல் பாரம்பரிய வேளாண் நிலமாக அங்கீகரித்தது. வெளியே மலை முழுவதும் பச்சை, உள்ளே மண்ணே கண்ணில் படாத கல். ஊரின் வாசலான போர்த்தா கொன்சொலாரே என்ற ரோமானிய வாயிலை ஒட்டிய கோபுரத்தின் உச்சியில் ஓர் ஒலிவ மரம் நிற்கிறது. கல்லின் இடுக்கில் கிடைத்த கைப்பிடி மண்ணில் பிழைத்திருக்கும் அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டுதான் ஊருக்குள் நுழைகிறோம்.

இந்த ஊரில் ஆண்டுதோறும் ஒரு போட்டி நடக்கிறது. அதன் பெயரே அதன் விதிமுறை மாதிரி: 'பூத்த ஜன்னல்கள், பால்கனிகள், சந்துகள்'. இதன் பின்னால் இருப்பது புரோ லோகோ. புரோ லோகோ என்பது ஊர்க்காரர்கள் சம்பளமில்லாமல் நடத்தும் ஊர் மேம்பாட்டுச் சங்கம். இத்தாலியின் மிகப் பழைய புரோ லோகோ 1881இல் வடக்கே பியேவே தெசீனோவில் தொடங்கப்பட்டது; இன்று அப்படி ஒன்று இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பசுமையை ஒரு போட்டியாக மாற்றும் பழக்கம் நாடு முழுவதும் இருக்கிறது. மலர் வளர்ப்போர் சங்கமான அஸ்புரோஃப்ளோர் நடத்தும் 'பூத்த நகராட்சிகள்' போட்டியில் ஊர்களுக்கு மதிப்பெண்ணாகப் பூக்கள் தரப்படுகின்றன. ஊர் எல்லைப் பலகையில் ஒரு பூவிலிருந்து நான்கு பூ வரை வரைந்து வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பெல்லோ போட்டியில் எனக்குப் பிடித்த சொல் 'சந்துகள்'. ஜன்னல் ஒரு வீட்டுக்கு உரியது, பால்கனியும் அப்படியே. சந்து யாருக்கும் சொந்தமில்லை. அதைப் பூக்க வைக்க வேண்டும் என்றால் எதிர் வீட்டுக்காரரோடு பேசியாக வேண்டும். வெயில் படும் சுவர் யாருடையது, யார் வீட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் பிடிப்பது, யாராவது வெளியூர் போனால் அவர் தொட்டிக்கு யார் ஊற்றுவது என்று முடிவு செய்தாக வேண்டும். நான்கு வீடுகள் சேர்ந்து ஒரு சந்தினை அலங்கரிக்கும்போது பரிசு யாருக்கு என்பதைவிட இந்தப் பேச்சுவார்த்தைதான் நடந்து முடிந்த பெரிய காரியம்.

ஏன் தொட்டி? தரையில் ஏன் நடுவதில்லை? மலை மேல் மதில் கட்டி வாழ்ந்த இடைக்கால நகரங்களுக்கு நிலம் மிகக் குறைவு. ஊருக்குள் மடங்களுக்கும் வசதியான குடும்பங்களுக்கும் சுவர் சூழ்ந்த தோட்டங்கள் இருந்தன. இன்றும் சில இருக்கின்றன. மற்றவர்களுக்கு வீட்டுக்கு வெளியே காலை வைத்தால் தெரு. நடைபாதை என்று தனியாக ஒன்று கிடையாது. சுவரும் தரையும் சேரும் மூலையில் ஒரு முழ அகலம், படிக்கட்டின் ஓரம், சுவரில் அடித்த இரும்பு வளையம் ஆகிய இவ்வளவுதான் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் தோட்ட நிலம்.

மண் இல்லாதவர்கள் ஜன்னலில் தோட்டம் வைப்பது இந்த நாட்டில் மிகப் பழைய செய்தி. கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே மூத்த பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் இதைப் பற்றி ஏக்கத்தோடு எழுதியிருக்கிறார்: முன்பெல்லாம் ரோம் நகரத்து எளிய மக்கள் தங்கள் ஜன்னல்களில் சிறு தோட்டம் அமைத்துத் தினமும் கிராமப்புறத்தைக் கண்ணால் பார்த்தார்கள், திருட்டுப் பயம் பெருகியதும் ஜன்னல்களை அடைக்க வேண்டியதாயிற்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே 'அந்தக் காலத்தில்' என்று பேசும் அளவுக்கு அது பழகிய காட்சி.

அதற்கான கட்டுப்பாடும் அதே அளவு பழையது. மக்கள் நடக்கும் வழிக்கு மேலே, விழுந்தால் ஒருவருக்குக் காயம் ஏற்படும்படி எந்தப் பொருளையும் இறவாணத்திலோ முன்தட்டிலோ வைக்கக் கூடாது என்று ரோமானிய நீதிபதிகளின் ஆணை சொன்னது. பொருள் விழ வேண்டியதில்லை, விழக்கூடிய நிலையில் வைத்ததே குற்றம். கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டீனியன் தொகுப்பித்த சட்டத் திரட்டில் அந்த விதி இடம்பெற்றிருக்கிறது. இன்றைய இத்தாலியக் குற்றவியல் சட்டத்தின் 675ஆம் பிரிவும் ஏறக்குறைய அதையே பேசுகிறது. மாடி ஜன்னலில் இருக்கும் ஜெரேனியத் தொட்டியைக் கம்பியால் கட்டி வைக்கும் ஸ்பெல்லோப் பாட்டிக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கை செய்வது அந்தச் சட்டத்துக்குக் கீழ்ப்படிவதுதான்.

தரையில் வைக்கும் தொட்டிக்கு வேறு சிக்கல். தெரு நகராட்சியுடையது. அதில் நிரந்தரமாக எதை வைத்தாலும் அது 'பொது நிலத்தை ஆக்கிரமிப்பது' என்ற கணக்கில் வரும். அனுமதி கேட்க வேண்டும், கட்டணம் செலுத்த வேண்டும். உணவகம் நாற்காலி போடுவதற்கும் மூதாட்டி ஒருவர் ரோஸ்மேரி வைப்பதற்கும் அடிப்படையில் ஒரே விதி. பல நகராட்சிகள் வீட்டு அழகுக்காக வைக்கும் தொட்டிகளுக்குக் கட்டணத்திலிருந்து விலக்குத் தருகின்றன. ஆனால் வழி அடைபடக் கூடாது, ஆம்புலன்ஸ் போக வேண்டும், சக்கர நாற்காலி நகர வேண்டும், குப்பை எடுக்க வரும் சிறு வண்டி திரும்ப வேண்டும். (இத்தாலியச் சந்துகளுக்குள் 1948 முதல் ஓடிக்கொண்டிருக்கும் மூன்று சக்கர ஆப்பே நம் ஊர்ச் சாலைகளுக்கும் நன்கு பழகிய வண்டிதான்.) பழைய நகரங்கள் கலாசாரச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் உட்பட்டவை. பாதுகாக்கப்பட்ட சுவரில் நினைத்த இடத்தில் ஆணி அடிக்க முடியாது. பிளாஸ்டிக் தொட்டி வேண்டாம், சுட்ட மண் தொட்டிதான் வேண்டும் என்று நிறத்தையும் பொருளையும் வரையறுக்கும் ஊர்களும் உண்டு.

இந்த இடத்தில் இத்தாலி ஒரு முக்கியமான வழியைக் கண்டுபிடித்தது. 2001இல் அரசியலமைப்பின் 118ஆம் பிரிவு திருத்தப்பட்டபோது அதன் கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம் சேர்ந்தது: பொது நலனுக்காகக் குடிமக்கள் தனியாகவோ கூட்டாகவோ தாங்களே முன்வந்து செய்யும் பணிகளை அரசும் நகராட்சிகளும் ஊக்குவிக்க வேண்டும். தெருவைப் பராமரிப்பது அரசின் வேலை, குடிமகன் வரி கட்டினால் போதும் என்ற பழைய பிரிவினையை அந்த வாக்கியம் தளர்த்தியது. ஆனால் பத்தாண்டுகளுக்கு மேல் அது காகிதத்தில்தான் இருந்தது. வட இத்தாலியின் பொலோஞா நகரில் ஒரு சதுக்கத்துக்குத் தங்கள் செலவில் பெஞ்சு தர விரும்பிய சில பெண்கள், அதற்காக அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருந்தது. கொடுப்பதற்கே இத்தனை கையெழுத்தா என்ற அந்தச் சலிப்பு 2014இல் ஒரு விதிமுறையாகக் கனிந்தது. நகரின் பொதுச் சொத்துகளைக் குடிமக்களும் நகராட்சியும் சேர்ந்து பராமரிப்பதற்கான பொலோஞா விதிமுறை அது. பொதுச் சொத்துகள் பற்றி ஆண்டுக்கணக்கில் உழைத்துவந்த லாப்சுஸ் என்ற அமைப்பு அதை எழுதுவதில் பங்கேற்றது.

அதன் மையம் 'ஒத்துழைப்பு ஒப்பந்தம்' என்ற எளிய தாள். இந்தச் சந்தில், இந்த மூலையில், நாங்கள் இதைச் செய்கிறோம் என்று மக்கள் எழுதுகிறார்கள். கருவிகள், மண், ஆலோசனை ஆகியவற்றில் எதை நகராட்சி தரும், யார் எதற்குப் பொறுப்பு என்று அந்தப் பக்கம் எழுதப்படுகிறது. இரு தரப்பும் கையெழுத்திடுகின்றன. விண்ணப்பித்து அனுமதிக்குக் காத்திருந்தவர் இப்போது எதிரே உட்கார்ந்து பேசுபவர் ஆகிறார். பொலோஞாவைப் பார்த்து இருநூறுக்கும் மேற்பட்ட இத்தாலிய நகராட்சிகள் இதே போன்ற விதிமுறைகளை ஏற்றுக்கொண்டன. இந்த ஏற்பாட்டை நான் உளமாரப் போற்றுகிறேன். தொட்டி வைத்தவரை ஆக்கிரமிப்பாளர் என்று எழுதுவதும் பராமரிப்பாளர் என்று எழுதுவதும் ஒரே தொட்டியைப் பற்றிய இரு பதிவுகள். எந்தச் சொல்லை நகராட்சி தேர்ந்தெடுக்கிறது என்பதைப் பொறுத்து அடுத்த ஆண்டு இரண்டாவது தொட்டி வருகிறது அல்லது வருவதில்லை.

இனி தொட்டிக்குள் பார்க்கலாம். இத்தாலியச் சந்து என்றதும் நினைவுக்கு வரும் சிவப்பு ஜெரேனியம் இத்தாலியச் செடியே இல்லை. தாவரவியலில் பெலர்கோனியம் என்று பெயர், பதினேழாம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்கக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது. வெயிலையும் ஓரளவு வறட்சியையும் தாங்கும். அதைவிட முக்கியம், ஒரு கிளையை ஒடித்து ஈர மண்ணில் குத்தினால் வேர் பிடிக்கும். அதனால் அது கடையில் வாங்கப்படுவதைவிட அடுத்த வீட்டில் கேட்டு வாங்கப்படும் செடியாக இருக்கிறது. ஒரு சந்து முழுக்க ஒரே நிறத்தில் பூத்தால், அது ஒரே தாய்ச்செடியின் பிள்ளைகளாக இருக்க வாய்ப்பு அதிகம். நிழல் விழும் மூலைகளுக்கு ஹைட்ராஞ்சியா, சுவரில் ஐவிக் கொடி, படியோரம் ரோஸ்மேரி. சமையலறை ஜன்னலுக்கு அருகில் கட்டாயம் பசிலிக்கோ இருக்கும். அது நாம் திருநீற்றுப்பச்சை என்று அழைக்கும் செடியேதான், இனம்கூட ஒன்று.

ஜெரேனியத்துக்கு அதன் பழைய எதிரியும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் ஒரு சிறு பழுப்பு வண்ணத்துப்பூச்சி முதலில் ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் தென்பட்டு, 1990களில் இத்தாலியிலும் பரவியது. அதன் புழு மொட்டையும் தண்டையும் துளைத்து உள்ளிருந்து தின்றுவிடும்; வெளியே பார்த்தால் காரணமே தெரியாமல் செடி கருகும். தினமும் செடியைத் தொட்டுப் பார்ப்பவருக்குத்தான் துளை கண்ணில் படும்.

இன்னொரு வருகையாளர் தெருத் தோட்டங்களைப் பற்றிய பேச்சையே மாற்றியது. ஆசியப் புலிக் கொசு 1990இல் ஜெனோவாவில் கண்டறியப்பட்டது. பழைய டயர்களுக்குள் முட்டையாகக் கடல் கடந்து வந்த கொசு அது. கொஞ்சம் தேங்கிய தண்ணீர் போதும், அதில் பெருகும். பூந்தொட்டியின் அடித்தட்டு அதற்கு மிகப் பிடித்த இடம். 2007 கோடையில் அட்ரியாட்டிக் கரையோரம், ராவென்னாவுக்கு அருகிலுள்ள இரண்டு சிற்றூர்களில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் கடும் மூட்டு வலியோடு காய்ச்சலில் படுத்தார்கள். சிக்குன்குன்யா. ஐரோப்பிய மண்ணில் அந்த நோய் உள்ளூரிலேயே பரவியது அதுவே முதல் முறை. கேரளாவிலிருந்து உறவினரைப் பார்க்கச் சென்ற ஒருவரின் உடலில் அந்த வைரஸ் சென்றிருந்தது. 2006இல் நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு ஆட்களை முடக்கிய அதே காய்ச்சலின் தொடர்ச்சி. அன்றிலிருந்து கோடை தொடங்கும்போது பல இத்தாலிய நகராட்சிகள் மேயரின் ஆணையை ஒட்டுகின்றன: அடித்தட்டுகளில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், வாரம் ஒரு முறையாவது கொட்டிவிடுங்கள். வாரத்துக்குள் ஏன் என்றால், வெயில் காலத்தில் முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய அவ்வளவு நாள்தான் ஆகும். கவனிக்கப்படாத தோட்டம் அழகற்றுப் போவதோடு நிற்பதில்லை, தெருவுக்கே கேடாகவும் முடியும்.

ஸ்பெல்லோவுக்கு மலர்களோடு இன்னொரு உறவும் உண்டு. உலகம் அந்த ஊரை அறிந்தது அதனால்தான். நற்கருணையைப் போற்றும் கத்தோலிக்கத் திருநாளான கார்ப்புஸ் தோமினிக்கு முந்தைய இரவு ஊர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாகத் தெருவில் மண்டியிட்டு, விடியும்வரை இதழ்களால் சித்திரம் வரைகிறார்கள். சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தெரு மலர்க் கம்பளமாகிறது. செயற்கைச் சாயம் கிடையாது. இதழ், இலை, விதை, காய்ந்த பூவின் தூள் எதுவானாலும் செடியிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். காலையில் நற்கருணை ஊர்வலம் அந்தச் சித்திரங்களின் மேல் நடந்து போகிறது. இரவெல்லாம் இழைத்தது அத்தோடு கலைகிறது. இந்தத் திருநாளை உலகத் திருச்சபைக்கு அறிவித்த திருத்தந்தை நான்காம் உர்பன் 1264இல் அந்த ஆணையை வெளியிட்டது இதே உம்பிரியாவின் ஒர்வியேத்தோவிலிருந்து.

ஓரிரவுக் கம்பளமும் ஆண்டெல்லாம் நிற்கும் தொட்டியும் வேறு வேறு என்று தோன்றலாம். இரண்டுக்கும் அடியில் இருக்கும் பழக்கம் ஒன்றே: தெருவைக் கையால் தொடுவது. தன் வீட்டு முன் தரையில் ஓரிரவு முழுக்க முழங்காலில் இருந்தவருக்கு அந்தத் தரை பிறகு வெறும் நகராட்சிச் சொத்தாகத் தெரியாது. சந்துத் தோட்டங்கள் ஸ்பெல்லோவில் இவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்கு இந்த மலர் இரவுகள் கற்றுக்கொடுத்த கூட்டு வேலை ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது கவலைக்குரிய பகுதிக்கு வருகிறேன். பூத்த சந்து புகைப்படத்துக்கு நன்றாக அமைகிறது. படம் பார்த்தவர்கள் வருகிறார்கள். வந்தவர்களுக்கு அறை வேண்டும். மதிலுக்குள் இருக்கும் வீட்டைக் குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவதைவிட, நாள் வாடகைக்குப் பயணிகளிடம் விடுவது லாபம் தருகிறது. இத்தாலியின் பழைய நகரங்கள் பலவற்றில் நடப்பது இதுதான்: முதியவர் மறைகிறார், பிள்ளைகள் பெருநகரத்தில் இருக்கிறார்கள், வீடு விடுமுறை வீடாகிறது. விடுமுறை வீட்டின் வாசலிலும் தொட்டி வைக்கலாம். ஆனால் மூன்று நாள் தங்குபவர் பக்கத்து வீட்டுச் செடிக்கு ஊற்ற மாட்டார். அது அவருடைய தவறும் இல்லை. அங்கே பிறகு சொட்டு நீர்க் குழாயும் நேரக் கருவியும் வருகின்றன, அல்லது தண்ணீரே கேட்காத கற்றாழை வகை வருகிறது, அல்லது பிளாஸ்டிக் பூ. பயணிகளைச் சந்துக்கு வரவழைத்த பூவே, சந்தில் வாழ்பவரை வெளியே தள்ளும் விலையேற்றத்துக்குத் துணைபோகிறது. இதற்குத் தோட்டம் வைத்தவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டை எதற்குப் பயன்படுத்தலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் பூவாளி பிடித்தவர்களிடம் இல்லை.

அரசும் சும்மா இருக்கவில்லை. ஐயாயிரம் பேருக்கு மேற்படாத ஊர்களைக் காக்க 2017இல் 158ஆம் எண் சட்டம் வந்தது. கொரோனாவுக்குப் பிறகு ஐரோப்பிய நிதியைக் கொண்டு, ஆள் குறைந்த பழைய ஊர்களை மீட்கும் திட்டத்துக்கு நூறு கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. அதில் மாநிலத்துக்கோ தன்னாட்சி மாகாணத்துக்கோ ஒன்றாகத் தேர்ந்தெடுத்த 21 ஊர்களுக்குத் தலா இரண்டு கோடி யூரோ. உம்பிரியாவிலிருந்து தெர்னிக்கு அருகிலுள்ள சேசி தேர்வானது. எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைத்த அந்த முறை அன்றே கடுமையாக விமர்சிக்கப்பட்டது, என் பார்வையில் நியாயமாகவே. கூரையையும் குழாயையும் பாதையையும் பணம் சரிசெய்யும். அதற்குப் பணம் தேவைதான். அந்த ஊரில் பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமையன்று யார் இருப்பார்கள் என்பதற்கு மளிகைக் கடை, பள்ளிக்கூடம், மருத்துவர், பஸ் ஆகியவை பதில் சொல்ல வேண்டும். அவை இருக்கும் இடத்தில் தொட்டிகள் தாமாகவே வாசலுக்கு வந்துவிடுகின்றன.

தெருத் தோட்டங்கள் ஊரைக் குளிர்விக்கும் என்றும் இப்போதெல்லாம் சொல்லப்படுகிறது. இதில் கொஞ்சம் அடக்கமாக இருப்பது நல்லது. பகலெல்லாம் சூடேறிய சுண்ணாம்புக் கல் இரவு வெகுநேரம் வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கும். அதைச் சில தொட்டிகள் மாற்றிவிடாது. கொடி படர்ந்து மறைத்த சுவரில் வெயில் நேராக விழாது, அந்த வாசலில் உட்காருபவருக்குச் சற்று இதமாக இருக்கும். இவ்வளவுதான் உண்மை. அந்த இதத்துக்காக மாலையில் ஒருவர் நாற்காலியை வெளியே எடுத்துப் போடுகிறார், எதிர் வீட்டுக்காரரும் எடுத்துப் போடுகிறார். சந்து பேச ஆரம்பிக்கிறது.

ஸ்பெல்லோவுக்குப் பனிக்காலம் உண்டு. உறைபனி பட்டால் ஜெரேனியம் தாங்காது. அதனால் குளிர் இறங்கும் முன் சிறிய தொட்டிகள் உள்ளே போகின்றன, பெரியவற்றின் கிளைகள் வெட்டப்படுகின்றன. வெட்டியதில் நல்ல கிளைகளைத் தேர்ந்து பழைய தக்காளி டின்களில் குத்தி, உள் படிக்கட்டின் வெளிச்சம் படும் மூலையில் வரிசையாக வைப்பார்கள். வசந்தம் வரும்போது வீட்டுக்குத் தேவையானவை போக எப்போதும் நான்கைந்து மிஞ்சும். அவை அடுத்த கதவுக்குப் போகும். அடுத்த கதவு திறக்காவிட்டால் அதற்கும் அடுத்த கதவுக்கு.